புதுவும் சேரியும் சேர்ந்தால்

சித்திரை பிறந்ததும் புதுச்சேரி முத்தியால்பேட்டை மொட்டை மாடிகளில் வடவம் காயும். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாகத் தட்டி, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைவார் அம்மா. பகலில் வெயில், இரவில் பானை என்று சில நாள் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்துவிடுவார். அப்புறம் வருஷம் முழுக்க மீன் குழம்புக்குத் தாளிக்கும்போது ஒரு உருண்டையை எடுத்துக் கொஞ்சம் உதிர்த்துப் போட்டால் தெருவே மணக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதைத்தான் 'வடுவான்' என்று தங்கள் ஊர் அடுக்களைக்குக் கொண்டுபோனார்கள்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் வடவத்தைத்தான் காட்டுவேன். கணினியின் கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாக அடிக்கும் கட்டளைகளை ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரிசையாக எழுதி உருட்டி வைத்தால் அது ஸ்கிரிப்ட். அடுத்த தடவை வெங்காயம் உரிக்க வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும்.

'ஷெல்' என்ற பெயரை வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் எங்கள் ஊர்க்காரனுக்கு ஓர் அற்ப சந்தோஷம். லூயி பூஸான் என்பவர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது ரன்காம் என்ற நிரலை எழுதினார். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து மொத்தமாக ஓட்டுவதுதான் அதன் வேலை. நாம் அடிப்பதை வாங்கி, யாரிடம் எதைக் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுக்கும் மேலடுக்குக்கு ஷெல் என்று பெயர் சூட்டிவிட்டு, 1965இல் பிரான்சுக்குத் திரும்பிப் போனார். இன்றும் லினக்ஸ் இயங்குதளத்தில் 'பாஷ் ஆர்சி' என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அந்த ஆரும் சியும் ரன்காமின் மிச்சம்.

கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்திருப்பீர்கள். தலைமைச் சமையல்காரர் வெங்காயம் நறுக்க மாட்டார், தேங்காய் துருவ மாட்டார். தோளில் துண்டோடு நின்றுகொண்டு, "நீ அரி, நீ அரை, அரைத்ததை அவனிடம் கொடு" என்பார். ஷெல் அவர்தான். கேட், பேஸ்ட், ஜாயின், சார்ட், செட் என்பவையெல்லாம் கையாட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். திரையில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். கோப்புகளுக்கு மட்டும் லினக்ஸில் தாராளமாகத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் வைப்பதுண்டு.)

எனக்கு வந்த வேலை சின்னது. ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்காக நண்பர் ஒருவர் ஒரு கையேடு போட்டார். அதில் 42 வீதிகளின் பெயர்கள் தமிழிலும் பிரெஞ்சிலும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும், எங்கள் நீல எனாமல் பலகைகளில் வெள்ளை எழுத்தில் இருக்கிறதே, அந்த மாதிரி. தமிழ்ப் பெயர்களை நான் ஒரு கோப்பில் அடித்தேன். பிரெஞ்சுப் பெயர்களை நண்பர் தன் மடிக்கணினியில் அடித்து அனுப்பினார். இரண்டையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதானே?

முதலில் கேட். கோப்புகளைச் சேர்ப்பதென்றால் எல்லோரும் முதலில் பிடிப்பது இதைத்தான்.

கேட் தமிழ் பிரெஞ்சு > எல்லாம்

இது ஒரு குண்டானில் இருப்பதன் மேல் இன்னொரு குண்டானில் இருப்பதைக் கொட்டுவது. தமிழ்ப் பெயர் 42ம் முடிந்த பிறகு, கீழே பிரெஞ்சுப் பெயர் 42. சோறு அடியில், குழம்பு மேலே, பிசையவில்லை. எனக்கு வேண்டியது இதுவல்ல.

அந்த > குறியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை ஒரு ராத்திரி அழவைத்தது அது. கையாள் சமைத்ததை எந்தப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும் என்று சொல்வது அந்தக் குறி. ஒற்றையாகப் போட்டால் பாத்திரத்தில் ஏற்கெனவே இருந்ததைக் கொட்டிக் கழுவிவிட்டு ஊற்றும். இரட்டையாக >> என்று போட்டால் இருப்பதன் மேல் ஊற்றும். இதுவரை சரி. ஆனால் ஷெல் மாஸ்டர் ரொம்பச் சுத்தக்காரர். கையாளைக் கூப்பிடுவதற்கு முன்பே பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவார். நான் தமிழ்க் கோப்பை அகரவரிசைப்படுத்தி அதே கோப்பில் போட நினைத்து, 'சார்ட் தமிழ் > தமிழ்' என்று அடித்தேன். மாவுக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அதிலிருக்கிற மாவை எடுத்து வா" என்று சொன்ன கதை. சார்ட் போய்ப் பார்த்தது, குண்டான் காலி. காலியை ஒழுங்காக வரிசைப்படுத்திக் காலியாகவே திருப்பித் தந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. 42 பெயர்களையும் திரும்ப அடித்தேன்.

அடுத்தது பேஸ்ட். இதுதான் பந்தியில் பரிமாறுகிறவர்.

பேஸ்ட் தமிழ் பிரெஞ்சு > பலகை

முதல் ஆள் வரிசையாக ஒவ்வொரு இலையிலும் ஒரு வடை வைத்துக்கொண்டே போகிறார். அவர் பின்னாலேயே வரும் ஆள் வடைக்குப் பக்கத்தில் பாயசம் ஊற்றுகிறார். முதல் கோப்பின் முதல் வரி, ஒரு டேப் இடைவெளி, இரண்டாம் கோப்பின் முதல் வரி. பிறகு இரண்டோடு இரண்டு, மூன்றோடு மூன்று. யார் இலை, அவருக்குச் சர்க்கரை உண்டா என்றெல்லாம் பேஸ்ட் கேட்காது. வரிசைதான் அதற்கு எல்லாம்.

இந்த ஊரின் வரைபடமே அப்படி ஒரு அட்டவணைதான் என்று எனக்குத் தோன்றும். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699இல் திருப்பிக் கொடுப்பதற்குள் போட்ட திட்டத்திலிருந்து வந்தவை இந்த நேர்கோட்டு வீதிகள். கிழக்கு மேற்காகச் சில, வடக்கு தெற்காகச் சில, நடுவே பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வாய்க்காலை டேப் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் பேஸ்ட் செய்த ஊர்.

பேஸ்ட் போட்டதும் திரையைப் பார்த்தேன். கண்றாவி. சின்னப் பெயர்கள் பிழைத்திருந்தன. மாஹே தெ லபூர்தொனே வீதி மாதிரி நீளமான பெயர்களின் தலை மட்டும் தெரிய, மீதியின் மேல் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்திருந்தது. காலனி ஆட்சி திரும்பிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. காரணம் வேறு. இரண்டாம் தடவை தமிழ்ப் பெயர்களை அடித்தபோது நான் அலுவலகத்து விண்டோஸ் கணினியில் இருந்தேன். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும். ஒன்று 'அடுத்த வரிக்குப் போ', இன்னொன்று அதற்கு முன்னால் 'வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு'. பழைய தட்டச்சுப் பொறியின் உருளையை வலப்பக்கம் தள்ளுவோமே, அதன் ஞாபகம். லினக்ஸுக்கு முதலாவது மட்டும் போதும். திரும்பு என்ற குறி கண்ணுக்குத் தெரியாமல் தமிழ்ப் பெயரின் வாலில் ஒட்டியிருந்ததால், தமிழை எழுதி முடித்ததும் திரை வரியின் தொடக்கத்துக்கு ஓடி, டேப் அளவு தள்ளி, பிரெஞ்சை அதன் மேலேயே எழுதியது.

கீரைக்கட்டை வாங்கி வந்ததும் அப்படியே வாணலியில் போடுவோமா? வேரை வெட்டி, பழுத்த இலையைக் கிள்ளி, மண் போக மூன்று தண்ணீர் அலசுவோம். கீரை ஆய்வது என்று இதற்குப் பெயர். பல்கலைக்கழகத்தில் ஆய்வு என்று சொல்வதும் இதே சொல்தான், என் அனுபவத்தில் வேலையும் ஏறக்குறைய அதேதான். டி.ஆர். என்ற கையாளிடம் "அந்தத் திரும்பு குறியை மட்டும் கிள்ளிப் போடு" என்றேன். சுத்தமாயிற்று.

சுத்தமான கீரையோடு பேஸ்ட் மறுபடி ஓடியது. இப்போது பெயர்கள் அழகாக வந்தன, தப்பாக வந்தன. நேரு வீதிக்கு எதிரே ரூ துய்ப்ளேக்ஸ் வர வேண்டும், அதன் பழைய பெயர் அது. வந்ததோ ரூ புஸ்ஸி. அதற்குக் கீழே எல்லாமே ஒரு வீடு தள்ளிக் குடிபோயிருந்தன. நண்பர் ஒரு வீதிக்குப் பிரெஞ்சுப் பெயர் கிடைக்காமல், வெற்று வரிகூட விடாமல் தாண்டிப் போயிருக்கிறார். பந்தியில் ஒருவர் எழுந்து போய்விட்டார், பாயசக்காரர் அதைக் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே போகிறார்.

எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று வரிகளை எண்ணாமல் பேஸ்ட்டைக் கூப்பிடக்கூடாது. வரி, சொல், எழுத்து எண்ணுவதற்கு டபிள்யூ.சி. என்று ஒரு கட்டளை உண்டு. (பெயரைச் சிரிக்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.) எண்ணியிருந்தால் 42க்கு 41 என்று சொல்லியிருக்கும்.

வரிசையை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? பெயரை. அங்கேதான் ஜாயின் வருகிறது. பாத்திரக்கடையில் ஒருபக்கம் குண்டான்கள், இன்னொருபக்கம் மூடிகள். எந்த மூடி எந்தக் குண்டானுக்கு என்று அளவைப் பார்த்துப் பொருத்துவார் கடைக்காரர். இரண்டு கோப்பிலும் பொதுவாக ஒரு திறவுச்சொல் இருந்தால், அது ஒன்றாக இருக்கும் வரிகளை ஜாயின் ஒட்டும். நண்பரிடம் பிரெஞ்சுப் பெயர்களை மறுபடி வாங்கினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியிலும் முதலில் தமிழ்ப் பெயர், டேப், பிறகு பிரெஞ்சுப் பெயர். என் கோப்பிலும் தமிழ்ப் பெயர், டேப், கையேட்டில் அது வரும் பக்க எண்.

இந்த ஊருக்கு ஜாயின் புதிதல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுப் பெயர்கள் காதில் விழுந்தபடி தமிழில் உட்கார்ந்திருக்கின்றன. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். பிறகு 19ஆம் நூற்றாண்டில் மூசே, துப்புயி என்ற இரண்டு பாதிரியார்கள் தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றைப் புதுச்சேரியிலேயே அச்சிட்டார்கள். தமிழ்ச் சொல் திறவுகோல், எதிரே பிரெஞ்சு. ஜாயின் செய்வதும் துபாஷி வேலைதான். ஆனால் பிள்ளையவர்களைப் போல ஊகிக்கத் தெரியாத துபாஷி.

ஜாயினுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, சும்மா விட்டால் வார்த்தைகளுக்கு நடுவில் இருக்கும் சாதாரண இடைவெளியையே எல்லையாக எடுத்துக்கொள்ளும். 'பாரதி வீதி'யில் பாரதி வரைதான் திறவுச்சொல் என்று நினைத்து, வீதியைத் தனியாகக் கழற்றிவிடும். எல்லை டேப்தான் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இரண்டாவது, இரண்டு கோப்பும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ன வரி வரிசையில் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்.

ஒரே வரிசை என்பதில்தான் தமிழுக்கு ஒரு விவகாரம். உங்கள் அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் குழியில், மாமியார் பெட்டியில் எந்தக் குழியில் என்பது மாதிரி. நாம் பள்ளியில் படித்தது க, ங, ச, ஞ என்று போய் ல, வ, ழ, ள, ற, ன என்று முடியும். யூனிகோடில் எழுத்துக்குக் கொடுத்த எண் வரிசை வேறு. ந முடிந்ததும் ன. ர முடிந்ததும் ற. ல, ள, ழ போன பிறகுதான் வ. புள்ளிக்கு உயிர்க்குறிகளையெல்லாம் விடப் பெரிய எண் என்பதால், 'க்' நம் அகராதியில் 'க'வுக்கு முன்னால் வரும், எண்வரிசையில் 'கௌ'வுக்கும் பின்னால் போய் நிற்கும். சார்ட் எந்த வரிசையைப் பிடிக்கும் என்பது கணினியில் எந்த வட்டார அமைப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் கணினியில் ஒன்று, நண்பர் கணினியில் வேறொன்று. அச்சுக்குப் போகும்போது நமக்கு அகராதி வரிசை வேண்டும். ஜாயினுக்கோ வரிசை எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு பெட்டியிலும் கடுகு ஒரே குழியில் இருந்தால் போதும். இரண்டு கோப்பையும் ஒரே கணினியில் வெறும் எண்வரிசைப்படி அடுக்கினேன்.

42இல் 41 வர வேண்டும். 40 வந்தது. ஜாயினின் கெட்ட குணம் இது. ஜோடி கிடைக்காத வரியைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். ஜோடி கிடைக்காததை மட்டும் காட்டு என்று கேட்கவும் ஒரு வழி உண்டு, கேட்டேன். பிரெஞ்சுப் பெயரே இல்லாத அந்த ஒரு வீதி, அது தெரிந்ததுதான். இன்னொன்று ரொமேன் ரொலான் வீதி. காந்தியைப் பற்றி 1924இல் புத்தகம் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளரின் பெயர். இரண்டு கோப்பிலும் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

டபிள்யூ.சி.யைக் கூப்பிட்டு, அந்தப் பெயரை மட்டும் தனித்தனிக் கோப்பில் போட்டு எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னேன். என் கோப்பில் 51. நண்பர் கோப்பில் 57.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'வீதி' என்பதில் நம் கண்ணுக்கு எழுத்து இரண்டு. கணினிக்கு நான்கு துண்டு: வ, ஈகாரக் குறி, த, இகரக் குறி. யூ.டி.எஃப்–8 முறையில் ஒவ்வொரு தமிழ்த் துண்டுக்கும் மூன்று பைட். ஆக 12. ரொமேன் 6 துண்டு, ரொலான் 6, வீதி 4. மொத்தம் 16, மூன்றால் பெருக்கினால் 48. நடுவில் இரண்டு இடைவெளி, கடைசியில் வரி முடிவு, 51. என் கணக்கு சரி. நண்பர் கோப்பில் அதிகப்படி 6 பைட், அதாவது இரண்டு துண்டு எங்கிருந்து வந்தது?

'ரொ'வில் இருந்து. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'ொ' என்ற ஒரே துண்டாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நண்பர் இந்த ஒரு பெயரை மட்டும் பழைய எழுத்துருவில் இருந்த பட்டியல் ஒன்றிலிருந்து மாற்றி எடுத்தபோது கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருக்கின்றன. சோம்பு என்று ஒருவரும் பெருஞ்சீரகம் என்று ஒருவரும் டப்பாவில் எழுதி வைத்திருந்தால் புது மருமகள் இரண்டையும் வாங்கிவருவாள் இல்லையா, ஜாயினும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்கும் இதே கோளாறு உண்டு. மாஹே என்ற பெயரின் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். அதையும் ஒரே துண்டாகவும் எழுதலாம், எழுத்து தனி சாய்கோடு தனி என்றும் எழுதலாம். இந்த ஊரின் இரண்டு மொழிகளும் இதிலாவது ஒற்றுமையாக இருக்கின்றன.

செட் என்ற கையாளுக்குத் தேடி மாற்றுவது தொழில். 'ெ'யும் 'ா'வும் அடுத்தடுத்து வந்தால் 'ொ' ஆக்கு. 'ே'யும் 'ா'வும் வந்தால் 'ோ' ஆக்கு என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். கூடவே இன்னொரு வரி. ஊர்ப் பெயர் 2006இல்தான் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. அதற்கு முன் எழுதியவர்கள் பாண்டிச்சேரி என்பார்கள், கவிதை மனம் உள்ளவர்கள் புதுவை, மற்றவர்கள் பாண்டி. ஜாயினுக்கு இவை நான்கு ஊர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். ரொமேன் ரொலான் வீதியும் சேர்ந்து 41 வந்தது.

இத்தனை நேரம் ஒவ்வொரு கையாளிடமும் தனித்தனியாக வேலை வாங்கினேன். ஒருவர் செய்ததைக் கிண்ணத்தில் வாங்கி, அடுத்தவரிடம் கிண்ணத்தைக் கொடுத்து, கடைசியில் மேடை முழுக்கக் கழுவாத கிண்ணம். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் இதற்கு வழி கேட்டு 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக் குழாயை ஒன்றோடொன்று திருகி மாட்டுவதுபோல நிரல்களை மாட்ட முடிய வேண்டும் என்றார். 1973இல் கென் தாம்ப்சன் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் அதைச் செய்து கொடுத்தார். | என்ற ஒற்றைக் கோடு. திரும்பு குறியைக் கிள்ளு | ஒகரத்தைச் சரிசெய் | வரிசைப்படுத்து. அரிசி ஊறியதும் கிரைண்டருக்கு, கிரைண்டரிலிருந்து நேரே இட்லித் தட்டுக்கு. கிண்ணமே கிடையாது.

இதே மெக்கில்ராய் 1986இல் ஒரு வேலை செய்தார். ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்க கணினி அறிஞர் டொனால்ட் நூத் பல பக்கங்களுக்கு ஓர் அழகான நிரல் எழுதியிருந்தார். அதை விமர்சிக்க வந்த மெக்கில்ராய், ஆறே கட்டளைகளைக் கோடுகளால் கோத்துக் காட்டினார். நானும் ஆசையாக அதைத் தமிழ் உரை ஒன்றின் மேல் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொல்கூட வரவில்லை. அதன் முதல் கட்டளை ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் சல்லடையில் தட்டிக் கொட்டிவிடும். தமிழ் முழுக்கச் சல்லடைக்குக் கீழே போய்விட்டது. அந்தச் சலிக்கிற வேலையைச் செய்யும் டி.ஆர். இன்றும் லினக்ஸில் பைட் பைட்டாகத்தான் பார்க்கிறது, ஒரு தமிழ்த் துண்டை முழுதாகப் பார்க்கத் தெரியாது. திரும்பு குறி ஒரே பைட் என்பதால் அங்கே பிழைத்தேன். தமிழ் எழுத்தில் கை வைக்க வேண்டுமென்றால் செட்டிடம் போய்விடுங்கள்.

வீதி வேலை முடிந்த கையோடு அக்கா ஒரு வேலை சொன்னாள். அவள் பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டு. இரண்டு கூடைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தெந்தச் சேர்க்கை வரும் என்று பட்டியல் வேண்டுமாம். முதல் கோப்பில் புது, சுடு, பெரிய, சின்ன. இரண்டாம் கோப்பில் சேரி, சோறு, தம்பி, கடை.

இது பேஸ்ட்டும் அல்ல, ஜாயினும் அல்ல. முதல் கோப்பிலிருந்து ஒரு சொல்லை எடு. அதை வைத்துக்கொண்டே இரண்டாம் கோப்பு முழுவதையும் ஒரு சுற்று சுற்று. அடுத்த சொல்லை எடு, மறுபடி ஒரு சுற்று. சுற்றுக்குள் சுற்று. ஒரு தோசைக்கு நாலு சட்னியும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தோசைக்குப் போவது. நான்கை நான்கால் பெருக்கி 16 சேர்க்கைகள். நாலு வரி ஸ்கிரிப்ட். ஓட்டினேன்.

முதல் வரியே 'புதுசேரி' என்று வந்தது.

சொந்த ஊரின் பெயரையே தப்பாக எழுதும் ஸ்கிரிப்ட்! ஆங்கிலத்தில் இரண்டு சொல்லை ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழில் சொற்கள் சேரும் இடத்தில் ஏதோ ஒன்று நடக்கும். செட்டுக்கு ஒரு விதி எழுதினேன்: இரண்டாம் சொல் க, ச, த, ப என்று ஆரம்பித்தால், அந்த எழுத்தையே எடுத்து, புள்ளி வைத்து, முன்னால் சேர். 'சேரி'யின் முதல் துண்டு 'ச'. அதன் மேல் புள்ளி வைத்தால் 'ச்'. எழுத்தைத் துண்டு துண்டாக வைத்திருக்கும் யூனிகோட், ரொமேன் ரொலானில் என்னைப் படுத்திய அதே யூனிகோட், இங்கே கைகொடுத்தது. புதுச்சேரி வந்தது. புதுக்கடை வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கு இரண்டு வரி கீழே 'சுடுச்சோறு'.

புதுவும் சுடுவும் உகரத்தில்தான் முடிகின்றன. சேரியும் சோறும் சகரத்தில்தான் தொடங்குகின்றன. ஒன்றில் ச் வரும், இன்னொன்றில் வராது. சுடுசோறு வினைத்தொகை. சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு எல்லாம் உள்ளே மடங்கிக் கிடக்கிறது, அங்கே வல்லினம் மிகாது. ஊறுகாயில் மிகாதது மாதிரி. பெரிய கடை என்போம், ஆனால் சின்னத்தம்பி. இதெல்லாம் எழுத்தைப் பார்த்துத் தெரியும் விஷயமா? எந்த மாவு புளிக்க வேண்டும், எந்த மாவு புளித்தால் கெட்டது என்று அடுப்புக்கு எப்படித் தெரியும்? மாவைப் பிசைந்தவர்தான் சொல்ல வேண்டும்.

எனவே முதல் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் டேப் விட்டு நானே எழுதினேன். புது, மிகும். சுடு, மிகாது. பெரிய, மிகாது. சின்ன, மிகும். ஸ்கிரிப்ட் அந்த இரண்டாம் நெடுவரிசையைப் பார்த்து, மிகும் என்றிருந்தால் மட்டும் செட்டைக் கூப்பிடும். 16ம் சரியாக வந்தன. 'சுடுதம்பி' என்பதைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எல்லாக் கட்டளைகளையும் ஒரே கோப்பில் எழுதினேன். முதல் வரியில் # குறியும் ! குறியும் போட்டு எந்த ஷெல் இதை ஓட்ட வேண்டும் என்று எழுதி, கோப்புக்கு இயங்கும் அனுமதி கொடுத்தேன். பெயர், வடவம். அவ்வளவுதான், இனி உதிர்த்துப் போட்டால் போதும்.

கையேட்டுக்கான பட்டியலை அச்செடுத்து, மாடியில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"லால் பகதூர் சாஸ்திரி வீதி. இது எங்கடா இருக்கு?"

"நம்ம புஸ்ஸி வீதிதாம்மா."

"அப்ப அதத் தமிழ்ல போடு. அந்தப் பேர் சொன்னா ஆட்டோக்காரனுக்கே தெரியாது. இதுவும் அப்படித்தான். இதுவும்." விரல் கீழே நகர்ந்துகொண்டே போனது.

மடிக்கணினியை மாடிக்கே எடுத்துவந்து, 'வாய்' என்று ஒரு புதுக் கோப்பு திறந்தேன். பலகைப் பெயர், டேப், அம்மா சொல்லும் பெயர். அம்மா வெங்காயத்தைக் கிளறிவிட்டபடி சொல்லச் சொல்ல 42 வரியும் அடித்தேன். ஜாயினைக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்தத் தடவை, மூன்று கோப்புக்கும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.